அழுத்தக் காலுறை ஒத்துக்கொள்ளவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டறிதல்

சுருள் சிரைக்காக மருத்துவர் எழுதித் தரும் அழுத்தக் காலுறை, பல வீடுகளில் மூன்றாவது வாரமே அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால் “ஒத்துக்கொள்ளவில்லை” என்ற ஒரே சொல்தான் விடையாக வரும். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றே பாடம் நடத்திய எனக்கு இடக்காலில் சிரைகள் புடைத்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதலாண்டில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லுக்குள் நழுவல், மரப்பு, வெட்டு, அரிப்பு, வடியாத வீக்கம் என்று ஏழெட்டுக் குறைகள் ஒளிந்திருப்பதும், ஒவ்வொன்றுக்கும் காரணமும் தீர்வும் வேறு என்பதும் பிறகுதான் புரிந்தது. அவற்றை அறிகுறிவாரியாகக் கீழே பிரித்து எழுதியிருக்கிறேன். மருத்துவர் காலைச் சோதித்துக் காலுறை அணியலாம் என்று சொன்னவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

பேச்சு வழக்கில் “நரம்பு சுருட்டிக்கொண்டது” என்கிறோம். சுருண்டது நரம்பன்று, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைத் தசை பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதால் அது வெகுவாகக் குறையும். சிரைக்குள் இருக்கும் சிறு தடுக்கிதழ்கள் கெட்டுப்போனவர்களுக்கு மேலே தள்ளிய இரத்தம் மீண்டும் கீழே வழிந்துவிடுகிறது. காலுறை வெளியிலிருந்து ஒரு சுவரைப் போலப் பிடித்துக்கொள்ளும்போது, விரிந்த சிரை சற்றுக் குறுகி, தசையின் பிழிவு வீணாகாமல் மேலேறுகிறது. கணுக்காலில் மிக இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும்படி அதை நெய்வதற்கு இதுவே காரணம்.

மேலே போகப் போகக் குறையும் இந்த அழுத்தத்தை 1950 வாக்கில் காலுறையாக வடித்தவர், தாமே சிரை நோயால் அவதிப்பட்ட கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால்வலி தணிவதை அவர் கவனித்தார். ஒரு மீட்டர் ஆழ நீர் பாதத்தின்மீது ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும்; அரை மீட்டருக்கு மேலே அதில் பாதிதான். குளத்தில் இடுப்பளவு நீரில் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உடனே கழற்ற வேண்டிய நிலைகள்

சில அறிகுறிகளைக் காலுறையின் குறையாக நினைத்து வீட்டிலேயே சரிசெய்ய முயலக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டையில் வலியும் சூடும் சேர்ந்திருந்தால், அது ஆழ்சிரையில் கட்டிய இரத்த உறைவாக இருக்கலாம். அன்றைய தினமே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அதனோடு மூச்சுத் திணறலோ மார்வலியோ இருந்தால் வாடகை வண்டிக்குக் காத்திராமல் சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழையுங்கள். புடைத்த சிரை எங்காவது உரசிப் பீறிட்டால், படுத்துக் காலை இதயத்துக்கு மேலாக உயர்த்தி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். தொடையில் கயிறு கட்டுவது பழைய பழக்கம்; அது சிரை இரத்தத்தை மேலும் தேக்கும். இரத்தம் நிற்காவிட்டால் அதற்கும் 995தான்.

பாதம் குளிர்ந்து வெளுப்பது, படுத்தால் வலித்துக் காலைத் தொங்கப் போட்டால் தணிவது, சிறிது தொலைவு நடந்ததும் கெண்டை பிடித்துக்கொண்டு நின்றால் விடுவது ஆகியவை சிரையைவிடத் தமனியில் குறையிருப்பதைக் காட்டுகின்றன. காலுக்கு வரும் இரத்தமே குறைந்தவருக்கு வெளியிலிருந்து இறுக்குவது ஆபத்து. நீண்ட காலமாக நீரிழிவு உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஆகியோர், கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனையைச் செய்துகொள்ளாமல் தாமாகக் கடையில் வாங்கி அணிய வேண்டாம். அந்த விகிதம் 0.8க்குக் கீழ் இறங்கினால் வழக்கமான காலுறை பொருந்தாது. 1.3க்கு மேல் போனாலும் மகிழ்வதற்கில்லை. நீரிழிவால் தமனிச் சுவர் கெட்டித்துப்போனவர்களுக்கு அளவு அப்படிப் பொய்யாக உயர்ந்து காட்டும். நம்மவர்களிடையே நீரிழிவு எவ்வளவு பரவலானது என்று எண்ணிப் பார்த்தால், பக்கத்து வீட்டவர் தமக்குப் பெரிதாகிவிட்ட காலுறையை அன்போடு கொடுப்பதை மறுப்பதில் தவறில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன்: தடத்தைப் படியுங்கள்

இரவில் காலுறையைக் கழற்றியதும் காலைத் தேய்க்கத்தான் கை போகும். ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் முழங்காலிலிருந்து பாதம்வரை பாருங்கள். நெசவின் மெல்லிய பதிவு கால் முழுவதும் ஒரே சீராக இருந்து அரைமணி நேரத்துக்குள் மறைந்தால் காலுறை தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒரே இடத்தில் ஆழமான கோடு, கணுக்காலின் முன்பக்கத்தில் சிவந்த மடிப்பு, குதிகாலுக்கு மேல் வெளுத்த பட்டை, அல்லது எந்தத் தடமுமே இல்லாத வெறுங்கால் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு பிழையைச் சொல்கிறது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை தாதியிடம் வாயால் விளக்குவதைவிட அது பயன்படும்.

காலுறை ஏறவே மாட்டேன் என்கிறது

குறைகளில் பாதி இந்த ஒன்றுதான். பலதுறை மருந்தகத்தில் என் காலைப் பார்த்த தாதி, நான் சொன்ன குறைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அங்கிள், காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரம் கழிச்சுப் போடுறீங்க?” எழுந்து, குளித்து, காப்பி குடித்து, செய்தித்தாளைப் படித்து முடித்த பிறகு என்றேன். அதற்குள் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் கால் வீங்கத் தொடங்கிவிடுகிறது. குளித்த ஈரமும் நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்து தோலைப் பிசுபிசுப்பாக்கிவிடுகின்றன. வீங்கிய ஈரக்காலில் இறுக்கமான துணியை ஏற்றுவது யாராலும் ஆகாத காரியம்.

ஆகவே முதல் திருத்தம் நேரத்தில். குளியலை முந்தைய இரவுக்கு மாற்றிவிட்டு, படுக்கையிலிருந்து எழுந்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அணிந்துவிடுங்கள். காலையில் குளித்தே தீர வேண்டும் என்றால், குளித்துவிட்டுக் காலை நன்றாகத் துடைத்து, மின்விசிறியின் கீழ் தலையணைமேல் காலைத் தூக்கி வைத்து இருபது நிமிடம் படுத்திருந்து பிறகு அணியுங்கள். இரவுப் பணி பார்க்கும் பாதுகாவல் ஊழியர்களும் தாதியரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவர்களுக்கு மாலை ஐந்து மணிக்குத் தூங்கி எழுவதுதான் காலை.

இரண்டாவது, இழுக்கும் விதம். சாதாரணக் காலுறையைப் போல மொத்தமாகச் சுருட்டிக் காலில் செருகினால், சுருட்டிய பல அடுக்குகளின் இறுக்கத்தையும் ஒரே நேரத்தில் எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, முதுகு சாய்க்கக்கூடிய நாற்காலியில் உட்கார்ந்து, காலுறைக்குள் கையைவிட்டுக் குதிகால் பையை உள்ளிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். குதிகால்வரை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிவிட்டால் ஒரு சிறு செருப்பைப் போன்ற பகுதி மட்டும் மிஞ்சும். அதற்குள் பாதத்தை நுழைத்துக் குதிகால் பை சரியாகக் குதிகாலில் உட்கார்ந்திருப்பதை உறுதி செய்த பிறகே மேல்பகுதியைக் கணுக்காலுக்கு மேல் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து மேல்விளிம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையால் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி வருடித் தள்ள வேண்டும். அந்தக் கையுறையின் விலை சில வெள்ளிதான், ஆனால் நகம் பட்டுத் துணி கிழிவதையும், விரல்வலியையும், காலை நேரத்துக் கோபத்தையும் அது ஒருசேரத் தடுக்கிறது. மோதிரத்தை மட்டும் முன்பே கழற்றிவிடுங்கள்.

விரல் திறந்த காலுறை அணிபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வழுவழுப்பான துணிப்பையைப் பாதத்தில் மாட்டி, அதன்மேல் காலுறையை ஏற்றி, கடைசியில் பையை விரல் பக்கமாக உருவிவிடலாம். காலுறையோடு அப்படி ஒரு பை வராவிட்டால், பேரங்காடியில் காய்கறி போடுவதற்காகச் சுருளாக வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையே போதும். பை காலில் இருக்கும்போது எழுந்து நிற்காதீர்கள், மொசைக் தரையில் அது சறுக்கு மரம்.

குனிய முடியாதவர்கள், கைமூட்டு வாதம் உள்ளவர்கள் ஆகியோருக்குக் காலுறையை விரித்துப் பிடிக்கும் கம்பிச் சட்டம் மருத்துவக் கருவிக் கடைகளில் கிடைக்கிறது. அதுவும் ஒத்துவராவிட்டால், அழுத்தம் குறைந்த இரண்டு காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணியலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அலமாரியில் கிடக்கும் இறுக்கமான காலுறையைவிடத் தினமும் காலில் ஏறும் தளர்வான காலுறை மேல்.

மதியத்துக்குள் நழுவி இறங்குகிறது

நழுவுகிற காலுறையைக் கண்டதும் இன்னும் சிறிய அளவு வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டாம். முதலில் எண்ணெயைச் சந்தேகியுங்கள். காலையில் தேங்காய் எண்ணெயோ ஈரப்பதக் களிம்போ தடவி உடனே அணிந்தால், காலுறை வழுக்குவதோடு அதன் மீள்நூலும் மேல்விளிம்பின் சிலிக்கான் பட்டையும் கெடும். தடவுவதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் பட்டையில் தோல் செதிலும் வியர்வையும் படிந்து பிடிமானம் போயிருந்தால், ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மீண்டும் பிடிக்கும்.

அடுத்தது, அணியும்போது துணியைச் சமமாகப் பரப்பியிருக்கிறோமா என்பது. கணுக்காலில் துணி தேவைக்கு அதிகமாகக் குவிந்து கெண்டையில் பற்றாமல் போனால், நாள் முழுவதும் அது தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். நமக்கு அது நழுவலாகத் தெரிகிறது. தொடைவரை வரும் காலுறை அணிபவர்களுக்கு, தொடை கூம்புபோல் இருந்தால் எந்த அளவும் நிற்காது. அவர்கள் முழங்கால்வரையிலான காலுறை போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும் என்பதுதான் என் அனுபவத்திலும் நான் கேட்டறிந்தவற்றிலும் தெரிவது.

முழங்காலுக்குக் கீழே கோடு வெட்டுகிறது

இதில் குற்றவாளி பெரும்பாலும் நாமே. காலுறை நீளமாகத் தோன்றியதும் மேல்விளிம்பை ஒரு மடி மடித்துவிடுகிறோம். மடித்த இடத்தில் இரண்டு அடுக்குகளின் இறுக்கம் சேர்கிறது. மேலே தளர்ந்தும் கீழே இறுகியும் இருக்க வேண்டிய ஒழுங்கு தலைகீழாகி, காலில் கயிறு கட்டியதற்கு ஒப்பாகிவிடுகிறது. அதற்குக் கீழே வீக்கம் கூடும், காலுறையைத்தான் திட்டுவோம். விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் மடிக்காமல், கையுறையால் துணியைக் கணுக்கால் பக்கமாக மெல்லத் தள்ளிப் பரப்புங்கள்.

அப்படியும் நீளம் மிஞ்சினால் நீள அளவே தவறு. பல தயாரிப்புகள் ஐரோப்பியக் கால்களை மனத்தில் வைத்து நெய்யப்பட்டவை. நம் ஊர்ப் பெண்கள் பலருக்குக் குட்டை நீள வகை தேவைப்படும். அளவெடுக்கும்போது மூன்று எண்கள் வேண்டும்: கணுக்கால் எலும்புக்கு மேல் மிக ஒடுங்கிய இடத்தின் சுற்றளவு, கெண்டையின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை உயரம். மூன்றையும் காலையிலேயே எடுக்க வேண்டும். நான் முதன்முதலாக வாங்கியது ஒரு மாலை நேரத்தில். கடைக்காரர் என் காலணி எண்ணைக் கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். காலணி எண்ணுக்கும் கெண்டைச் சுற்றளவுக்கும் என்ன உறவு என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. ஒன்பது மாதம் அந்தத் தவறான அளவோடு மல்லுக்கட்டினேன்.

கணுக்கால் முன்பக்கம் எரிகிறது, சிவக்கிறது

காலுறையின் இழுவிசை எங்கும் ஒன்றாக இருந்தாலும், வளைவு கூர்மையான இடத்தில் அழுத்தம் கூடும். ஒடுங்கிய கணுக்காலின் முன்புறத் தசைநாண், கணைக்கால் எலும்பின் முன்விளிம்பு ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். அங்கே ஒரு சுருக்கம் விழுந்துவிட்டால் அது தோலை அறுக்கத் தொடங்கும். அணிந்ததும் பாதத்தை இரண்டு மூன்று முறை மேலும் கீழும் அசைத்து, கணுக்கால் மடிப்பில் சேர்ந்த சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிடுங்கள். காலணியை மாட்டிய பிறகும் ஒருமுறை பாருங்கள். சிவப்பு மறுநாள் காலையிலும் மறையாவிட்டாலோ தோல் கன்றிப்போனாலோ அணிவதை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். எலும்பு துருத்திய மெலிந்த முதியவர்களுக்கு மெல்லிய பஞ்சுத் திண்டு வைத்து அளவைச் சமப்படுத்தும் முறை உண்டு, ஆனால் அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

விரல்கள் மரத்துப்போகின்றன

அணிந்து சிறிது நேரத்தில் கால்விரல் சற்றே நீலம் பாரித்து, நடந்ததும் பழைய நிறத்துக்கு வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. மரப்பு நீடித்தால் காலுறையைக் கழற்றாமல் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு மூன்று விநாடிகளில் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானால், விரல் குளிர்ந்திருந்தால், உடனே கழற்றிவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். நிறம் நன்றாக இருந்தும் மரக்கிறது என்றால் காரணம் பாதத்தின் முன்பகுதியில் இருக்கும்: விரல் திறந்த காலுறையின் விளிம்பு விரல் கணுக்களின்மேல் ஏறி நிற்கும், அல்லது விரல் மூடிய காலுறையை இழுத்த வேகத்தில் விரல்கள் நெருக்குண்டிருக்கும். விளிம்பை விரல்களின் வேர்வரை பின்னுக்குத் தள்ளுங்கள். மூடிய வகையில் நுனியைப் பிடித்து லேசாக முன்னோக்கி இழுத்துவிடுங்கள். பழைய காலணி இப்போது கடிக்கலாம்.

அரிப்பு

இங்கேதான் அவசர முடிவு அதிகம். அரிப்புக்கு மூன்று மூலங்கள் உண்டு, அரிக்கும் இடமே அவற்றைப் பிரித்துக் காட்டும். மேல்விளிம்பில் வளையமாக மட்டும் தடித்துச் சிவந்தால் சிலிக்கான் பட்டையோ நூலோ ஒவ்வாமை தருகிறது. பட்டையில்லாத பின்னல் விளிம்பு உள்ள வகைக்கு மாறினால் தீரும். முழங்கால் பின்மடிப்பிலும் விரலிடுக்கிலும் அரித்தால் வியர்வையும் பூஞ்சையும்தான் காரணம். வெயில் குறையாத, ஈரப்பதம் ஓயாத இந்த ஊரில் இது எதிர்பார்க்க வேண்டியதே. தினமும் துவைத்த காலுறை, நன்றாகத் துடைத்த விரலிடுக்கு, இரண்டு இணைகளை மாற்றி மாற்றி அணிவது ஆகியவை போதும். தோல் உரிந்து வெடித்தால் பூஞ்சைக்கான மருந்து வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். கணுக்காலின் உட்புறத்துக்கு மேல், தோல் பழுப்பேறி, வறண்டு, செதில் செதிலாக அரித்தால் அது காலுறை தந்த அரிப்பன்று; சிரையில் தேங்கும் அழுத்தத்தால் வரும் கரப்பான் (எக்சிமா) என்ற தோல் அழற்சி. அதற்குக் காலுறையே மருந்துகளில் ஒன்று. அரிக்கிறது என்று அதை எறிந்துவிட்டால் நோய் கூடி, அதே இடத்தில் புண் வைக்கும். எங்கள் புளோக்கில் இருந்து சற்றுத் தள்ளியுள்ள உணவங்காடி நிலையத்தில் தோசைக்கடை நடத்தும் அக்கா ஒருவர், இப்படித்தான் காலுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கிடையே காலைக் காட்டியபோது, உட்கணுக்காலுக்கு மேல் ஐந்து காசு அளவுக்குத் தோல் கருத்து, தொட்டால் மரப்பலகைபோல் கெட்டியாக இருந்தது. “ஏன் சார், இது வெறும் தோல் அரிப்புதானே?” என்றார். தோல் அப்படிக் கெட்டிப்படுவது சிரை நோய் முற்றியதன் அடையாளம். பூச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகச் சொன்னேன், போனார்.

வறட்சிக்கு இரவில் மணமில்லாத களிம்பு அல்லது வெள்ளை பெட்ரோலிய மெழுகு தடவி, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டுக் காலுறை அணியுங்கள். மூலிகைத் தைலம், மணமூட்டிய லோஷன் எதுவும் சிரைக் கரப்பான் உள்ள தோலுக்கு ஆகாது, அந்தத் தோல் மிக எளிதில் ஒவ்வாமை கொள்ளும்.

ஒழுங்காக அணிந்தும் வீக்கம் வடியவில்லை

பெட்டியின் மேல் ‘இரண்டாம் வகுப்பு’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கியவர்கள், அதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். சிங்கப்பூரில் பல நாட்டுத் தயாரிப்புகள் ஒரே அடுக்கில் நிற்கின்றன. வகுப்பின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அழுத்தம் ஒன்றன்று. ஜெர்மானிய அளவையில் இரண்டாம் வகுப்பு கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். பிரிட்டிஷ் அளவையில் அதே இரண்டாம் வகுப்பு 18 முதல் 24. பிரிட்டிஷ் இரண்டாம் வகுப்பு ஏறத்தாழ ஜெர்மானிய முதல் வகுப்பான 18 முதல் 21ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அமெரிக்கத் தயாரிப்புகள் பெரும்பாலும் வகுப்பைச் சொல்லாமல் 15 முதல் 20, 20 முதல் 30 என்று எண்ணையே அச்சிடுகின்றன, அதுவே நேர்மையான வழி என்பேன். மருத்துவர் எந்த எண்ணைக் கருதி எழுதினார் என்று கேட்டு, சீட்டிலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணே இல்லாமல் ‘விமானப் பயணக் காலுறை’, ‘விளையாட்டுக் காலுறை’ என்று விற்பவற்றைச் சிரை நோய்க்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எண் சரியாக இருந்தும் வடியவில்லை என்றால், வீக்கம் ஒரு காலிலா இரண்டு காலிலுமா என்று பாருங்கள். இரண்டு கால்களும் சமமாக வீங்கினால் காரணம் சிரைக்கு வெளியே இருக்கலாம். இரத்தக் கொதிப்புக்குப் பலர் சாப்பிடும் அம்லோடிப்பின் கணுக்காலை வீங்கச் செய்யும். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்று தருவார். இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் கோளாறும் இப்படிக் காட்டலாம், அதோடு மூச்சு வாங்கினால் தாமதிக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் கால் அசையாதிருப்பதே காரணம். சுவரிருந்தும் பிழிபவர் இல்லாவிட்டால் இரத்தம் ஏறாது. முகப்பில் உட்கார்ந்து பணியாற்றுபவர்களும், கடையில் நின்றே இருப்பவர்களும் அரைமணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இதைச் செய்யலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள், எல்லாருடைய தலையும் கைப்பேசிக்குள் இருக்கும். சென்னைக்குப் பறக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கும் இதே பழக்கம் உதவும்.

முன்பு நன்றாக இருந்தது, இப்போது பலனில்லை

கழற்றிய காலில் தடமே இல்லையென்றால் காலுறை தேய்ந்துவிட்டது. தினமும் அணியும் காலுறையின் ஆயுள் ஏறத்தாழ ஆறு மாதம்தான்; கிழியாமல், நிறம் மங்காமல் இருந்தாலும் மீள்விசை போயிருக்கும். மாட்டுவது திடீரென எளிதாகிவிட்டதே என்று மகிழ்பவர்கள் அணியத் தொடங்கிய தேதியைப் பாருங்கள். நான் விளிம்பின் உள்பக்கத்தில் மை பேனாவால் மாதத்தை எழுதிவைக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்பே தளர்ந்தால் துவைப்பில் கோளாறு. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கையால் அலசுங்கள். துணி மென்மையூட்டி, வெளுப்பான், கொதிநீர், உலர்த்தும் இயந்திரம் எதுவும் கூடாது. முறுக்கிப் பிழியாமல் துவாலைக்குள் சுருட்டி அழுத்தினால் ஈரம் இறங்கிவிடும். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில், நண்பகல் வெயிலில் தொங்கவிடுவது மீள்நூலுக்குப் பகை. சமையலறை நிழலில், மின்விசிறிக் காற்றில் காயப்போடுங்கள்.

கோயில் நாட்களில் வரும் சிக்கல்

பிற நாட்டுக் கையேடுகள் எழுதாத பிழை இது. கோயில் வாசலில் கால் கழுவ வேண்டும். காலுறையோடு கழுவ முடியாது. கழற்றினால் ஈரக்காலில் மீண்டும் ஏற்ற முடியாது. வெள்ளிக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் கோயிலுக்குப் போய்விட்டுக் காலுறையைக் கைப்பையில் சுருட்டிக்கொண்டு திரும்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் அவர்களில் ஒருவன். விடியற்காலைத் தரிசனத்தை முடித்து வீட்டுக்கு வந்து, காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்து அணியலாம். அல்லது நாள் முழுவதும் அணிந்துவிட்டு மாலையில் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போகலாம். இடையில் போவதுதான் வம்பு. ஒரு நாள் சில மணி நேரம் அணியாததால் கெடுதல் எதுவும் வந்துவிடாது. பிறர் வீடுகளுக்குள் செருப்பில்லாமல் நடக்கும்போது விரல் மூடிய காலுறை வழவழப்பான தரையில் சறுக்கும். அடியில் பிடிமானம் உள்ள வீட்டுச் செருப்பையோ, அதேபோல் அடியில் பிடிமானம் உள்ள இன்னொரு காலுறையை மேலேயோ மாட்டிக்கொள்வது நல்லது, முதியவர்களுக்குக் கட்டாயம்.

எத்தனை மாதம் அணிந்தும் புடைப்பு மறையவில்லை

மறையாது. கெட்டுப்போன தடுக்கிதழைக் காலுறை திருத்துவதில்லை. அணிந்திருக்கும் நேரத்தில் கனம், வலி, வீக்கம் ஆகியவற்றைத் தணிக்கிறது, அவ்வளவே. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தலையீட்டுச் சிகிச்சைக்குத் தகுதியானவர்களுக்குக் காலுறையை மட்டும் சிகிச்சையாகத் தரவேண்டாம் என்றே சொல்கிறது. வலி தொடர்ந்தால், தோல் கருத்தால், ஒருமுறையாவது புண்ணோ இரத்தக் கசிவோ வந்திருந்தால், காலுறையை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் பலதுறை மருந்தகத்திலிருந்து இரத்தக்குழாய் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அவர் ஊடொலிக் கருவியால் (அல்ட்ராசவுண்ட்) எந்தச் சிரையில் இரத்தம் பின்னோக்கி வழிகிறது என்று பார்த்து, லேசர், ரேடியோ அலை, பசை, நுரை ஊசி ஆகியவற்றுள் எது பொருந்தும், அல்லது எதுவும் வேண்டாமா என்று சொல்வார்.

அந்தச் சோதனைக்குப் போகும் நாளில் ரப்பர் கையுறையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சோதனைக்கு முன் காலுறையைக் கழற்றச் சொல்வார்கள், நின்றபடியே நெடுநேரம் பார்ப்பார்கள், கால் முழுவதும் வழுவழுப்பான கூழைத் தடவுவார்கள்; அதை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அங்கிருக்கும் கட்டிலிலேயே காலைத் தூக்கி வைத்துச் சிறிது நேரம் படுத்திருந்த பிறகுதான் காலுறை மறுபடியும் ஏறும்.